புகை கக்குற வண்டி மேல யார்கிட்ட பிராது கொடுக்கிறது? விருத்தாசலத்திலிருந்து ஒரு கேள்வி

காலை எட்டரை மணிக்கு விருத்தாசலம் பாலக்கரை ரவுண்டானாவில் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஸ்கூல் வேன், ஷேர் ஆட்டோ, டவுன் பஸ், செங்கல் ஏற்றின டிராக்டர், கடலூர் பக்கமிருந்து சேலம் பக்கம் போகிற லாரி என எல்லாமே அந்த ஒரு வளைவில்தான் திரும்பியாக வேண்டும். கியர் மாற்றி ஆக்சிலேட்டரை மிதிக்கிற அந்த நொடியில், பத்து வண்டியில் ஒன்றோ இரண்டோ பின்னால் ஒரு கரும்படலத்தை விட்டுவிட்டுப் போகும். மார்கழி மாதமாக இருந்தால் அந்தப் புகை மேலே போகாது. காற்று குளிர்ந்து கிடப்பதால் நம்ம மூக்கு உயரத்திலேயே தொங்கிக்கிட்டு நிற்கும்.

போன பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். அத்தை பையனோட பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஜங்ஷன் ரோட்டில் போகிறோம். முன்னால் ஒரு லாரி. பக்கத்தில் சைக்கிளில் ஒரு ஸ்கூல் பொண்ணு, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு மிதிக்கிறாள். லாரி ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சாலையைப் பார்க்காமல்! அந்தப் புகையைவிட அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

வீடியோ எடுத்தேன். வண்டி எண் தெளிவாக விழுந்தது. வீட்டுக்கு வந்து ஒரு இணையப் புகார் தளத்தில் பதிவு செய்தேன். பத்தொன்பது நாள் கழித்து மெசேஜ் வந்தது: ‘உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.’ அவ்வளவுதான். வண்டியைச் சோதித்தார்களா, ஓனரைக் கூப்பிட்டார்களா, இல்லை ‘இது எங்க வேலை இல்லை’ என்று மூடினார்களா, ஒன்றும் தெரியாது. அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது அதே லாரி, அதே ரோடு, அதே புகை.

அப்பதான் கொளஞ்சியப்பர் ஞாபகம் வந்தார்.

விருத்தாசலம்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் இருக்கிற கொளஞ்சியப்பர் கோயிலில் ‘பிராது கட்டுதல்’ என்று ஒரு வழக்கம் உண்டு. கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை, நகை காணாமல் போய்விட்டது, அண்ணன் தம்பிக்குள் தகராறு என எதுவாக இருந்தாலும் ஒரு வெள்ளைத் தாளில் மனுவாக எழுதி, சாமி முன்னால் வைத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளுக்குள் தீர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. எனக்குப் பிடித்த விஷயம் அடுத்து வருவதுதான். காரியம் முடிந்ததும் திரும்ப வந்து ‘ராஜினாமா’ எழுதிக் கொடுக்க வேண்டும். ‘என் பிராது தீர்ந்தது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று மனு கொடுத்தவரே சொல்லி முடிக்கிற ஏற்பாடு அது.

மனுவை முடித்து வைக்கிற உரிமை மனு கொடுத்தவரிடம்! நம்ம இணையப் புகார் தளங்கள் எதிலும் இல்லாத வசதி இது. ஆன்மிகத்தை விடுங்கள், இதை ஒரு நிர்வாக நடைமுறையாக மட்டும் பாருங்கள். எவ்வளவு தெளிவு!

சட்டம் என்னதான் சொல்கிறது?

‘புகை விடுறதுக்கெல்லாமா கேஸ்?’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேஸ்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 190(2). காற்று மாசு, சத்தம், சாலைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான அளவுகோலை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினாலும் குற்றம், ஓட்ட விட்டாலும் குற்றம். அதாவது டிரைவர் மட்டுமல்ல, ஓனரும் மாட்டுவார். 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு.

ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது இந்தப் பிரிவை அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 116-வது விதி என்று ஒன்று இருக்கிறது. அதிகம் பேசப்படாத விதி. சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரியோ மோட்டார் வாகன ஆய்வாளரோ, ஒரு வண்டி அளவுக்கு மேல் புகை விடுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், அதைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடலாம். 2021 ஜூனில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்த உத்தரவை எழுத்திலும் தரலாம், மின்னணு வழியிலும் அனுப்பலாம். வண்டியைக் கொண்டுவரவில்லை என்றால் அபராதம். அதற்கும் மசியவில்லை என்றால், செல்லுபடியாகும் சான்றிதழ் வருகிற வரைக்கும் ஆர்.சி.யையும் பர்மிட்டையும் நிறுத்தி வைக்கலாம்.

‘நம்பக் காரணம் இருந்தால்’ என்கிற அந்த வார்த்தைகளைக் கவனியுங்கள். அதிகாரி தன் கண்ணால்தான் பார்த்திருக்க வேண்டும் என்று இல்லை. என் கருத்தில், வண்டி எண்ணோடு, இடம், நேரத்தோடு நீங்கள் அனுப்பும் ஒரு தெளிவான வீடியோ அந்தக் ‘காரணம்’ ஆகலாம். ஆக வேண்டும். அப்படி ஆகிவிட்டால், பொதுமக்கள் புகார் என்பது ‘இவருக்கு ஃபைன் போடுங்க’ என்கிற கோரிக்கையாக இருக்காது. ‘இந்த வண்டியை ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்க’ என்கிற கோரிக்கையாக மாறும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏன் என்றால், பத்தாயிரம் ரூபாய் என்பது ஒரு ஷேர் ஆட்டோக்காரருக்கு ஒரு மாசத்து வீட்டுச் செலவு. ரோட்டில் நிற்கிற அதிகாரிக்கும் அது தெரியும். ‘பாவம், போகட்டும்’ என்று விட்டுவிடுவார், இல்லையென்றால் வேறு ஏதோ சின்னப் பிரிவில் நூறோ இருநூறோ எழுதி அனுப்புவார். தண்டனை பெரிதாக இருப்பதாலேயே அமல்படுத்த ஆள் இல்லாமல் போகிற சட்டங்களில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம். சோதனைக்கு அனுப்புவதில் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

கருப்பு, நீலம், வெள்ளை

இந்த ஊர்க்காரர்களுக்குப் புகையைப் படிக்கத் தெரியும். செராமிக் ஊர் அல்லவா! ஃபியூஸ் கேரியரிலிருந்து பொம்மை வரை களிமண்ணைச் சுட்டு எடுக்கிற ஊர். எங்கள் எதிர் வீட்டு தாத்தா பல வருஷம் சூளை பார்த்தவர். புகைபோக்கியில் கருப்பாக வந்தால் உள்ளே காற்று போதவில்லை, எரிபொருள் எரியாமல் வீணாகப் போகிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

டீசல் இன்ஜினும் அதே கதைதான். கரும்புகை என்றால் டீசல் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நோசில் தேய்ந்து பூந்தூறலாகத் தெளிக்க வேண்டிய டீசலை ஒழுக விடலாம், பம்ப்பைக் கூடுதலாகத் திறந்து வைத்திருக்கலாம், அல்லது தாங்காத லோடு ஏற்றியிருக்கலாம். நீலம் கலந்த புகை என்றால் இன்ஜின் ஆயிலே எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துபோன வண்டி. வெள்ளைப் புகை குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே கொஞ்ச நேரம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சூடான பிறகும் விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் நம்ம நுரையீரலுக்கு மோசமானது கருப்புதான். அது கரித்துகள். 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் இன்ஜின் புகையை ‘மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்கிற முதல் பிரிவில் சேர்த்தது. ‘உண்டாக்கலாம்’ இல்லீங்க, ‘உண்டாக்கும்’.

ஒரு சின்ன சுவாரஸ்யம். புது வண்டிகளின் சைலன்சர் குழாயில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கட்டி இருக்கும். அது பெரும்பாலும் கார்டியரைட் என்கிற செராமிக். களிமண், டால்க், அலுமினா எல்லாம் சேர்த்துச் சுட்டது. டீசல் வண்டியில் கரித்துகளைப் பிடித்து வைக்கிற ஃபில்டரும் செராமிக்தான். மண்ணைச் சுட்டுப் பிழைக்கிற ஊருக்கு வண்டிப் புகையை அடக்குவதும் சுட்ட மண்தான் என்பதில் எனக்கு ஒரு சின்ன பெருமை.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 வண்டிகள்தான் விற்பனை. டீசலில் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அதனால் ஒரு பிஎஸ்-6 டீசல் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கரும்புகை விடவே கூடாது. விட்டால், ஒன்று பழுது, இல்லையென்றால் ‘மைலேஜ் கிடைக்கலை’ என்று யாரோ ஃபில்டரைக் கழற்றியிருக்கிறார்கள்.

அப்போ பியூசி சர்டிபிகேட் எதுக்கு?

நல்ல கேள்வி. வண்டி வாங்கி ஒரு வருஷம் ஆனதும் எல்லாருக்கும் பியூசி கட்டாயம். பழைய வண்டிகளுக்கு ஆறு மாதம், பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஒரு வருஷம் செல்லும். டீசல் வண்டி என்றால் நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து, சைலன்சரில் குழாய் விட்டு, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று அளப்பார்கள். பிஎஸ்-4-க்கு முந்தைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை அனுமதி, பிஎஸ்-4-க்கு 50.

இங்கேதான் என் மாமா கதைக்குள் வருகிறார்.

மாமா ஒரு மினி லோடு வண்டி வைத்திருக்கிறார். ஊரெல்லாம் ‘குட்டி யானை’ என்று சொல்கிற ரகம். செராமிக் சரக்கு, முந்திரி மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். நான் அந்த லாரி வீடியோவை வீட்டில் காட்டி வீரம் பேசிக்கொண்டிருந்தபோது, அத்தை பையன் சிரித்தான். ‘முதல்ல நம்ம வண்டியைப் பாருடா’ என்றான். பார்த்தேன். வாசலில் வைத்து ஒரு மிதி மிதித்தார் மாமா. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டிக்கு நான் மன்னிப்பு கேட்க வேண்டியதாகிவிட்டது.

‘என்னடா, மாமா மேலயே கேஸ் போடப் போறியா?’

போடவில்லை. ஆனால் பியூசி கேட்டேன். இருந்தது. இன்னும் நாலு மாசம் செல்லுபடியாகும். ‘எப்படி மாமா பாஸ் ஆச்சு?’ என்று கேட்டதற்கு, வண்டியை நிறுத்தச் சொல்லி போட்டோ எடுத்தார்கள், காசு வாங்கினார்கள், பேப்பர் கொடுத்தார்கள் என்றார். குழாய்? ‘அதெல்லாம் எங்க விட்டான்?’

எந்த மையம் என்று எழுதப்போவதில்லை. ஏனென்றால் இது ஒரு மையத்தின் கதை இல்லை. டெல்லி சட்டமன்றத்தில் 2025 ஏப்ரலில் வைக்கப்பட்ட சிஏஜி தணிக்கை அறிக்கையைப் பாருங்கள். அளவுக்கு மேல் மாசு வெளியிட்ட 1.08 லட்சம் வண்டிகளுக்கு ‘பாஸ்’ சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகவும் பதிவுகள் இருந்தன. தலைநகரத்திலேயே இந்த லட்சணம்.

தமிழ்நாட்டில் 2024 மே மாதத்திலிருந்து பரிசோதனை மையங்களுக்குப் புதிய செயலி வந்தது. மையம் பதிவான இடத்தில் இருந்துகொண்டுதான் சான்றிதழ் போட முடியும், ஜிபிஎஸ் அதைச் சரிபார்க்கும், வண்டியைப் படம் எடுக்க வேண்டும். நல்ல முயற்சிதான். வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு சான்றிதழ் அடிக்கிற ஆட்களை இது தடுக்கும். ஆனால் வண்டி அங்கே நின்றது என்பதற்குத்தான் போட்டோ சாட்சி. சைலன்சருக்குள் குழாய் போனது என்பதற்கு இல்லை. என் மாமா வண்டியே ஆதாரம்.

காசு வாங்குகிற இடமும் பாஸ் போடுகிற இடமும் ஒன்றாக இருக்கிற வரை இது மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபெயில் என்று சொல்கிற மையத்துக்கு அடுத்த முறை யார் போவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பியூசி இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. நடைமுறையில் ஏராளமான வண்டிகள் மூன்றாம் நபர் காப்பீடே இல்லாமல் ஓடுகிற நிலை வந்ததால், விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்காமல் போகும் என்று இன்சூரன்ஸ் தரப்பு சொன்னது. 2024 ஜூலையில் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. நியாயமான காரணம்தான். ஆனால் பியூசி எடுக்க வைத்த ஒரு பெரிய பிடி அதோடு தளர்ந்துவிட்டது. அதனால்தான் ரோட்டில் நிற்கிற நம்ம கண்ணுக்கு இப்போது முன்பைவிட வேலை அதிகம் என்கிறேன்.

நம்ம கண்ணை நம்பலாமா?

ஒரு அளவுக்கு. கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது. நைட்ரஜன் ஆக்சைடை பியூசி சோதனையே அளப்பதில்லை. பளிச்சென்று போகிற ஒரு கார் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. அதுபோல ஒரு தடவை ‘புஸ்’ என்று புகைத்த வண்டி குற்றவாளி என்றும் சொல்ல முடியாது.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விடாமல் புகைகிற வண்டி ஒரு சங்கதியைச் சொல்கிறது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் டொனால்ட் ஸ்டெட்மன், சாலையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிரை விட்டு ஓடுகிற வண்டியின் புகையை அளக்கும் கருவியைச் செய்தார். அவருடைய குழு அளந்து பார்த்தபோது, கார்பன் மோனாக்சைடில் ஏறக்குறைய பாதி, வெறும் பத்து சதவீத வண்டிகளிடமிருந்து வந்தது. அது பெட்ரோல் கார்கள் நிறைந்த ஊர், நம்ம கதை வேறு. இருந்தாலும் கெட்டுப்போன கொஞ்ச வண்டிகள்தான் பெரும்பங்கு புகைக்குக் காரணம் என்பது பிறகு பல ஊர்களில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். எல்லா வண்டியையும் துரத்த வேண்டாம், அந்தச் சிலதைப் பிடித்தால் போதும் என்பதுதான் பொதுமக்கள் புகாருக்கான அடிப்படை நியாயமே.

ஹாங்காங்கில் இதை முறையாகவே செய்தார்கள். புகை விடும் வண்டியை அடையாளம் காண தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, ‘அங்கீகரிக்கப்பட்ட பார்வையாளர்’ என்று பட்டியலில் சேர்த்தார்கள். அவர்கள் கொடுக்கும் தகவலின் பேரில் ஓனருக்குச் சோதனை நோட்டீஸ் போகும். குறித்த நாளுக்குள் குறித்த மையத்தில் பாஸ் ஆகவில்லை என்றால் வண்டியின் லைசென்ஸே ரத்தாகலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கணக்கு இன்னும் எளிமை: தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் புகை தெரிந்தால் குற்றம். மனதுக்குள் பத்து எண்ணத் தெரிந்த யாரும் புகார் கொடுக்கலாம். தெற்கு கலிஃபோர்னியாவில் புகார் வந்தால் ஓனருக்கு ஒரு கடிதம் போகும், ‘உங்கள் வண்டி புகைப்பதாகச் சொல்கிறார்கள், பாருங்கள்’ என்று. அவ்வளவுதான். நம்ம பக்கத்து இலங்கையில் 2008 முதல் வருடாந்திரப் புகைப் பரிசோதனை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான உத்தரவுப் பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. புகை விடும் வண்டியின் படத்தையும் வீடியோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் அங்கே வழி வைத்தார்கள்.

நம்ம நாட்டில் இல்லையா என்றால் இருக்கிறது, பெரிய ஊர்களுக்கு. டெல்லி அரசு 2020 அக்டோபரில் ‘கிரீன் டெல்லி’ செயலியைக் கொண்டுவந்தது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறைக்கும் விதிமீறலைப் படம்பிடித்து அனுப்ப செயலி உண்டு. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என நாலு ஊர்கள். விருத்தாசலம் அதில் இல்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, பண்ருட்டி எதுவுமே இல்லை. பெருநகரத்தில் வயதாகிவிட்ட பஸ்ஸும் லாரியும் கடைசியில் எங்கே வந்து ஓடுகின்றன என்று யோசித்தால், இந்தப் பட்டியல் கொஞ்சம் தலைகீழாகத் தெரியும்.

இந்தியாவின் காற்றுத் தர அளவுகோலில் பிஎம் 2.5 நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை 5 என்று வைத்தது. பாலக்கரை டீக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கிற அண்ணனுக்கு இந்த இரண்டில் எதுவும் பொருந்தாது. அவர் மூச்சு விடும் இடத்தில் அளக்க மீட்டரே கிடையாது.

சரி, இப்போ நான் புகார் கொடுக்கணும்னா?

கொடுங்கள். ஆனால் என்னை மாதிரி அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். நான் முதல் தடவை ‘லாரி ரொம்பப் புகை விடுது, நடவடிக்கை எடுங்க’ என்று ஒற்றை வரி எழுதினேன். அதை யார் வேண்டுமானாலும் மூடலாம்.

வண்டி எண், தேதி, மணி, எந்த ரோட்டில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, புகை என்ன நிறம், எவ்வளவு நேரம் தொடர்ந்தது எல்லாம் வேண்டும். வீடியோ பத்து நொடியாவது இருக்கட்டும். நம்பர் பிளேட்டும் புகையும் ஒரே காட்சியில் வர வேண்டும், தனித்தனிப் படம் போதாது. ஓட்டிக்கொண்டே எடுக்காதீர்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவர் எடுக்கட்டும். வண்டியை மறித்து டிரைவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர், நோசில் மாற்றுகிற முடிவு அவர் கையில் இல்லை. அந்தப் புகையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

இன்ஸ்டாவில் நம்பரோடு போட்டு நாலு பேரை டேக் பண்ணுவதும் வேண்டாம் என்றே சொல்வேன். லைக் வரும். ஆனால் மீட்டர் வைத்துப் பார்க்கும் முன்னாலேயே ஒருத்தர் பிழைப்பை நாம் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

அனுப்ப வேண்டிய இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், அல்லது அந்தப் பகுதி போக்குவரத்துக் காவல். எழுத்து மூலமாகக் கொடுத்து ரசீது வாங்குவது இன்றைக்கும் நல்ல வழி. முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் போன் செய்து பதியலாம், புகார் எண் கிடைக்கும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், அவர்கள் வேலை முக்கியமாகத் தொழிற்சாலை. ஓடுகிற வண்டி போக்குவரத்துத் துறையின் கணக்கு.

மனுவில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: ‘மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 116-ன் கீழ் இந்த வண்டியைப் புகைச் சோதனைக்கு உட்படுத்தி, அளவீட்டின் முடிவை எனக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’ இப்படி எழுதினால் ‘முடித்து வைக்கப்பட்டது’ என்று சும்மா மூடுவது கொஞ்சம் கஷ்டம். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது ஒரு புது செயலியை அல்ல. சாமி சத்தியமா இன்னொரு செயலி வேண்டாம், போனில் இடமில்லை. புகாரின் பேரில் சோதனைக்கு வருகிற வண்டியைத் தனியார் மையத்துக்கு அனுப்பாமல், ஆர்டிஓ வளாகத்திலேயே, எஃப்.சி. பார்க்கிற இடத்திலேயே ஒரு புகை மீட்டர் வைத்து இலவசமாக அளக்கலாம். ஃபெயில் ஆனால் முதல் தடவை அபராதம் இல்லாமல் சரிசெய்ய அவகாசம் கொடுக்கலாம். வாரம் ஒரு நாள் போதும், எங்க ஊர் அளவுக்கு. அந்த வரிசையில் அரசு எண் பலகை போட்ட வண்டிகளும் நிற்க வேண்டும். முதலில் அவைதான் நின்றால் இன்னும் நல்லது, மற்றவர்கள் முணுமுணுக்காமல் பின்னால் நிற்பார்கள். அப்புறம் அளவீடு என்ன வந்தது என்று புகார் கொடுத்தவருக்கு ஒரு எஸ்எம்எஸ். ‘65-க்கு 81, ஃபெயில், சரிசெய்ய அனுப்பப்பட்டது’ என்கிற மாதிரி ஒரே ஒரு வரி. அது வந்தால் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவேன்.

மாமா வண்டிக்கு வருகிறேன். இரண்டு மாதம் இழுத்தடித்தார். ‘ஓடுற வண்டியை ஏன்டா பிரிக்கணும்?’ என்பதுதான் அவர் வாதம். நோசில், பம்ப் சர்வீஸ், ஏர் ஃபில்டர் எல்லாம் சேர்த்து மெக்கானிக் பதினோராயிரம் கேட்டார். அதோடு இரண்டு நாள் வண்டி நிற்கும், வாடகை போகும். சுத்தமான காற்று என்று நான் பேசியது எதுவும் அவரை அசைக்கவில்லை. கடைசியில் அசைத்தது டீசல் கணக்கு. அந்தக் கரும்புகை எரியாத டீசல் என்று எதிர் வீட்டு சூளை தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோதுதான் காது கொடுத்தார். பதினோராயிரத்தில் பாதியை நான் கொடுத்தேன், மீதிக்கு நாலு மாதத் தவணை. இப்போது மிதித்தால் லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். மைலேஜ் கொஞ்சம் கூடியிருப்பதாக அத்தை சொல்கிறார், மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லா லோடு வண்டிக்காரருக்கும் பாதிச் செலவு கொடுக்க ஒரு அக்கா பையன் இருக்கமாட்டான் என்பதும் தெரியும். வங்கிக்கடனில் புது வண்டி வாங்கச் சொல்வது சுலபம். ஓடுகிற வண்டியை ரிப்பேர் செய்ய ஐயாயிரம் கடன் கேட்டுப் பாருங்கள், யார் தருகிறார்கள் என்று தெரியும்.

ஜங்ஷன் ரோடு லாரி மேல் மறுபடி புகார் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை எழுத்தில், 116-வது விதியைக் குறிப்பிட்டு, இருபத்திரண்டு நொடி வீடியோவோடு. ரசீது கையில் இருக்கிறது. இன்றைக்குப் பதினெட்டாவது நாள். இதை எழுதும் நேரத்தில் நிலை: ‘பரிசீலனையில்.’